‘அன்னைக்கு நீ வரலையாம்மா?’

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

“எனக்கு 31 வயது. நான்கு வயதில் மகளும் பத்து மாதத்தில் மகனும் இருக்கிறார்கள். வீட்டில் படம் எடுப்பது எப்போதும் நான்தான்; என் போனில் பதினோராயிரம் படங்களுக்கு மேல் இருக்கின்றன. போன வாரம் மகள் அவற்றைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெரினாவில் எடுத்த படங்கள் வந்ததும், ‘அன்னைக்கு நீ வரலையாம்மா?’ என்று கேட்டாள். அவளை அலையில் கால் நனைக்கத் தூக்கிக்கொண்டு போனவளே நான்தான். தேடிப் பார்த்தால், இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு நான் இருக்கும் படங்கள் ஐந்துகூடத் தேறவில்லை. யாராவது எடுத்தாலும் நானே அழித்துவிடுகிறேன் என்பதுதான் உண்மை. உடம்பு பெருத்துவிட்டது, முடி கொட்டி நெற்றி ஏறிவிட்டது, கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை. கணவர் தானாக எடுக்க மாட்டார். கேட்டால், ‘கொஞ்சம் இளைச்சதும் ஸ்டூடியோவுக்குப் போய் ஜம்முனு எடுத்துக்கலாம்’ என்கிறார். கைக்குழந்தையை இத்தனை படம் எடுப்பதே திருஷ்டி என்கிறார் மாமியார். இளைக்கும்வரை காத்திருப்பதில் என்ன தவறு? இதற்கெல்லாம் வருத்தப்படுவது சிறுபிள்ளைத்தனமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

சிறுபிள்ளைத்தனம் இல்லை. இளைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அப்பா மயிலாப்பூரில் நடத்திய ஸ்டூடியோவில் பாவாடை கட்டிய வயதிலிருந்து வளர்ந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதே தொழிலைச் செய்துவருபவள் என்ற முறையில், காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் மகள் உங்களைக் குறை சொல்லவில்லை. படத்தில் இல்லாதவர் அந்த இடத்துக்கு வரவில்லை என்று நான்கு வயதுக் குழந்தை நினைப்பது இயல்பு. இன்று அவள் கேட்டதும், ‘நானும் வந்திருந்தேன்’ என்று சொல்லித் திருத்திவிட உங்களால் முடியும். இன்னும் பத்து வருடம் கழித்து அவள் கேட்கவும் மாட்டாள். அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டுவிடுவாள். நம்மில் பெரும்பாலோருக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முன் நடந்தவை நினைவில் நிற்பதில்லை. உங்கள் மகன் இன்று உங்கள் தோளில் தூங்குவதோ, மகள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அலைக்குப் பயந்து கத்தியதோ அவர்கள் நினைவில் தங்குவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. அதே சமயம், நடந்து முடிந்ததைப் பற்றிப் பெற்றோர் குழந்தையோடு விரிவாகப் பேசும் வீடுகளில், அன்று யார் யார் வந்தார்கள், எதைச் சாப்பிட்டாய், எதற்கு அழுதாய் என்று கேட்டுக் கேட்டுப் பேசும் வீடுகளில், குழந்தைகள் தம் பழைய நாட்களைக் கூடுதல் விவரத்தோடு நினைவுகூர்கிறார்கள் என்பதை ராபின் ஃபிவுஷ், எலெய்ன் ரீஸ் போன்ற உளவியலாளர்கள் பல ஆண்டு ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். நம் வீடுகளில் அந்தப் பேச்சு பெரும்பாலும் ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. படத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களைப் பற்றித்தான் பேச்சும் போகும்.

தாயைப் படத்திலிருந்து ஒளித்துவைப்பதை நீங்கள் கண்டுபிடிக்கவில்லை. அதில் என் தொழிலுக்கும் பழைய பங்கு உண்டு. எங்கள் ஸ்டூடியோவில் கைக்குழந்தைகளைப் படம் எடுக்கவென்றே ஒரு பிரம்பு நாற்காலி இருந்தது. ஆறேழு மாதக் குழந்தை சரிந்து விழாமல் இருக்க, தாய் அந்த நாற்காலிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, நீல வெல்வெட் துணிக்கு அடியில் கையை நுழைத்துக் குழந்தையின் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு அப்பா, “இன்னும் கொஞ்சம் குனிங்கம்மா, தலை தெரியுது” என்பார். கழுவி வந்த நெகட்டிவின் ஓரத்தில் நான்கு விரலும் இரண்டு கண்ணாடி வளையலும் தெரியும். பிரிண்ட் போடும்போது அதை வெட்டிவிட்டுக் குழந்தையை மட்டும் தருவோம். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதைவிட மோசம். ஒரு படம் பதியவே பல வினாடிகள் ஆகும், அதுவரை குழந்தை அசையக் கூடாது என்பதால், தாயைத் திரைச்சீலையாலோ போர்வையாலோ தலைமுதல் மூடி, ஏதோ நாற்காலி போல உட்காரவைத்து, அவர் மடியில் குழந்தையை இருத்தி எடுத்தார்கள். இன்று அவற்றைச் சேகரிப்பவர்கள் ‘மறைந்திருக்கும் தாய்’ படங்கள் என்றே அழைக்கிறார்கள். அப்படியொரு படத்தைப் பார்த்தால், குழந்தையை விட்டுவிட்டு அந்தப் போர்வையின் மேல்தான் நம் கண் போய் நிற்கும்.

எங்கள் பெயர்ப்பலகையில் எழுதி வைக்காத வேலை இன்னொன்றும் உண்டு. ஒருவர் இறந்த அன்றோ மறுநாளோ, மாலை போட்டு வைக்கவும் கண்ணீர் அஞ்சலி அச்சடிக்கவும் பெரிய படம் கேட்டு வீட்டார் வருவார்கள். இறந்தவர் தந்தையாக இருந்தால் ஏதாவது ஒன்று கிடைத்துவிடும்: புது ஸ்கூட்டரோடு நின்றது, அலுவலகப் பிரிவுபசாரத்தில் சால்வையோடு எடுத்தது என்று. தாயாக இருந்தால் வாக்காளர் அட்டையைக் கொண்டுவருவார்கள், இல்லாவிட்டால் யாருடைய கல்யாணத்திலோ மூன்றாவது வரிசையில் நின்ற குழுப்படத்தை. அப்படி ஒரு கல்யாணப் படத்தோடு ஒரு மகன் வந்தார். அம்மாவின் தோளில் இன்னொருவர் கை இருந்தது. அதை எடுத்துவிட்டுப் புடவையை நிரப்பித் தரச் சொன்னார். கையை அழிப்பது கணினியில் பத்து நிமிட வேலை. ஆனால் அந்த அம்மாள் பக்கத்தில் இருந்த யாரையோ பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். யாரைப் பார்த்து என்று மகனுக்குச் சொல்லத் தெரியவில்லை. மூன்று பிள்ளைகளைப் பெற்றவர் அவர். பிள்ளைகளில் ஒருவரோடு சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் வீட்டில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. முப்பத்தொரு வயதுப் பெண்ணிடம் சாவுப் பேச்சு பேசுவது அழகில்லைதான். ஆனாலும் ‘அப்புறம் எடுத்துக்கலாம்’ என்பது கடைசியில் எங்கள் கடை வாசலுக்கு எந்த வடிவத்தில் வந்து சேர்கிறது என்பதைப் பார்த்தவள் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், பெரிதாக ஒன்றும் இல்லை. என் மகள் கல்யாணத்தின்போது, மண்டபத்துத் திரையில் காட்ட அவளுடைய சின்ன வயதுப் படங்கள் வேண்டும் என்றாள். நெகட்டிவ் உறைகளைக் கொட்டித் தேடியதில் அவள் மட்டும் இருப்பவை கூடை கூடையாக இருந்தன. அவளோடு நான் இருப்பவை மூன்று. இரண்டு, உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் யாரோ எடுத்தவை. மூன்றாவது, பீரோ கண்ணாடியைப் பார்த்து நானே எடுத்தது: இடுப்பில் அவள், மறுகையில் கேமரா, என் முகத்தில் பாதி அதற்குப் பின்னால், தோளில் ஈரத்துண்டு, முதுகுக்குப் பின்னே கொடியில் காயும் துணிகள். ஃபிளாஷ் கண்ணாடியில் பட்டு ஒரு மூலை வெளுத்துப்போயிருக்கிறது. தொழில் கணக்கில் கிழித்துப் போட வேண்டிய படம். ஃப்ரேம் போட்டுத் தன் வீட்டுக்கு அவள் எடுத்துக்கொண்டு போனது அதைத்தான். போகும்போது, “உன் கை இவ்ளோ ஒல்லியாவா இருந்துச்சு?” என்று கேட்டாள். அந்தக் கை குண்டாகத் தெரிகிறது என்று அந்த நாளில் முழங்கைவரை நீளமாக ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டவள் நான்.

உங்கள் படம் உங்களுக்கு ஏன் பிடிக்காமல் போகிறது என்பதற்கு எடையோடு சம்பந்தமில்லாத இரண்டு காரணங்கள் இருக்கின்றன. நீங்கள் அன்றாடம் பார்த்துப் பழகிய உங்கள் முகம் கண்ணாடியில் தெரிவது. அதில் வலது இடதாக இருக்கும். வகிடும் மூக்குத்தியும் பக்கம் மாறி, படத்தில் வருவது மற்றவர்கள் பார்க்கும் முகம். 1977இல் அமெரிக்காவின் விஸ்கான்சின்-மில்வாக்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சில பெண்களின் படத்தை நேராகவும் இடவலம் மாற்றியும் இரண்டு பிரதிகளாகப் போட்டு, அந்தப் பெண்களிடமும் அவர்களுக்கு நெருக்கமானவர்களிடமும் காட்டினார்கள். பெண்களில் பெரும்பாலோர் கண்ணாடியில் தெரிவதுபோன்ற பிரதியைத் தேர்ந்தெடுத்தார்கள். நெருக்கமானவர்களுக்கு மற்றதுதான் பிடித்திருந்தது. ஆகவே நீங்கள் ‘நல்லாவே இல்லை’ என்று அழிக்கும் படத்தில் இருப்பது, உங்கள் மகள் தினமும் பார்த்து ஓடிவரும் அதே முகம்.

இரண்டாவது காரணம் லென்ஸ். கை நீளத்துக்குள் போனைப் பிடித்து எடுக்கும் படத்தில், அருகில் இருக்கும் மூக்கு பெரிதாகவும் தள்ளியிருக்கும் காது சிறிதாகவும் வருவதைத் தவிர்க்க முடியாது. 12 அங்குலத் தூரத்தில் எடுத்தால் மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும், 5 அடித் தூரத்தில் அந்தக் கோளாறு இல்லை என்று 2018இல் ஒரு முக அறுவைச் சிகிச்சை மருத்துவ இதழில் கணக்கே போட்டுக் காட்டியிருந்தார்கள். போனின் அகலக்கோண லென்ஸ் சட்டகத்தின் ஓரத்தில் இருப்பவரைப் பக்கவாட்டில் இழுத்தும் விடும். குடும்பப் படத்தில் எல்லோரையும் நிறுத்திவிட்டுக் கடைசியில் ஓடிவந்து ஓரத்தில் நின்றுகொள்பவர் அநேகமாகத் தாய்தான். இழுபடும் தோளும் கையும் அவருடையவையே. இனிமேல் நீங்கள் நடுவில் நில்லுங்கள். உடம்பு குறைய ஆகிற நாள் இதற்கு ஆகாது.

முடி கொட்டுவதைப் பற்றி நான் சொல்வது கேள்வியறிவுதான்: பிரசவமாகி இரண்டு முதல் நான்கு மாதத்தில் தொடங்கி, பெரும்பாலோருக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாளை ஒட்டிச் சரியாகிவிடும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆனால் ‘கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் படம் சம்பந்தப்பட்டதாக மட்டும் எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை. காரணமில்லாமல் அழுகை வருவது, தூக்கமின்மை, எதிலும் மனம் ஒட்டாமை என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்திருந்தால், உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் ‘டெலி மானஸ்’ மனநல ஆலோசனைச் சேவையில் தமிழிலேயே, கட்டணம் இல்லாமல் பேசலாம்.

அடுத்த பத்தி உங்கள் கணவருக்கு. அவரிடம் அப்படியே காட்டிவிடுங்கள்.

ஐயா, இளைத்த பிறகு எடுக்கலாம் என்று நீங்கள் ஆறுதலாகவே சொல்லியிருக்கலாம். அவர் காதில் விழுந்தது, இப்போது நீ படத்துக்கு லாயக்கில்லை என்பது. ‘என்னை ஒரு படம் எடுங்களேன்’ என்று ஒரு பெண் தன் வீட்டிலேயே கேட்டு வாங்கும் நிலை கூச்சம் தருவது. ஆகவே கேட்கும்வரை காத்திராதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு எண்ணெய் தேய்த்து விடுகிறபோது, மகனுக்கு இட்லியைப் பிட்டு ஊட்டுகிறபோது, ஐந்தாறு அடி தள்ளி நின்று, போனில் இரண்டு மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் அதை வைத்து, பேசாமல் நான்கு படம் எடுங்கள். ‘இங்க பாரு, சிரி’ என்று சொல்ல வேண்டாம். அவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் படம். பாலூட்டும்போதும் உடை சரியில்லாத நேரத்திலும் மட்டும் அவரைக் கேட்டுக்கொண்டு எடுங்கள். எடுத்தவை எவையும் அவர் சம்மதமில்லாமல் வீட்டைத் தாண்டிப் போகக் கூடாது.

மறுபடி உங்களுக்கு. கணவர் எடுப்பதை உடனே பார்த்து அழிக்காமல், ‘அம்மா’ என்று ஒரு தனி ஆல்பத்தில் போட்டுவிட்டு ஒரு வருடம் கழித்துத் திறப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கும் பிடிக்காவிட்டால் அழித்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டைச் சொல்லியனுப்பிய பலரில் அழித்ததாக என்னிடம் வந்து சொன்னவர்கள் மிகச் சிலர். அவர் வீட்டில் இல்லாத நேரத்துக்குப் போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து, 10 வினாடி டைமர் போதும். ஊட்டுவதைக் கொஞ்ச நேரம் வீடியோ எடுத்து, அதில் நல்லதாக ஒரு காட்சியைப் பிடித்துக்கொள்வது இன்னும் எளிது. டியூப்லைட்டுக்குக் கீழே எடுக்காமல், பகலில் பால்கனிக் கதவருகே வெளிச்சத்தைப் பார்த்து உட்காருங்கள். உச்சி வெயிலில் வேண்டாம், கண்குழி கறுத்துவிடும். அவ்வப்போது மகளிடமும் போனைக் கொடுங்கள். பாதி ஆடும், பாதியில் தலை வெட்டுப்படும். ஆனால் மூன்றடி உயரத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் அம்மா எப்படித் தெரிவாள் என்பதை இந்த உலகத்தில் எந்தத் தொழில்காரராலும் எடுத்துத் தர முடியாது.

மாமியார் சொல்லும் திருஷ்டியைப் பற்றி அவரோடு வாதாட வேண்டாம். எடுப்பது வேறு, ஸ்டேட்டஸில் போடுவது வேறு. அவருடைய அச்சம் பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது, அதில் எனக்கும் அவர் பக்கம்தான் சாய்வு. வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்று உறுதி சொல்லிவிட்டு, உங்கள் கணவரைக் கைக்குழந்தையாக அவர் வைத்திருக்கும் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அன்றைக்கு வீட்டில் நல்ல பேச்சு நடக்கும். இல்லாவிட்டால், பேரன் மடியிலும் நீங்கள் பக்கத்திலுமாக அவரை உட்காரவைத்து எடுக்கும் படத்துக்கு அவர் மறுப்பு சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன்.

டச்சப் செய்யலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் போன்கள் கேட்காமலே முகத்தை வழித்துவிடுகின்றன, ஆகவே அழகூட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். அப்பாவின் காலத்திலும் நெகட்டிவ் மேல் பென்சிலால் பருக்களையும் கருவளையத்தையும் ஆற்றுவோம். மச்சத்தைத் தொடக் கூடாது என்பார் அப்பா. நாளைக்குப் பிள்ளைகள் அதைத்தான் தேடுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம்.

கடைசியாகப் பிரிண்ட். பதினோராயிரமும் ஒரே போனில் இருப்பது, ஒன்றும் இல்லாததற்குச் சற்றே மேல். மூன்று பிரதி வையுங்கள், அதில் ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த வாரத்தில் சைதாப்பேட்டையிலிருந்தும் முடிச்சூரிலிருந்தும் சேறு படிந்த ஆல்பங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஈரம் காய்வதற்குள் வந்தவற்றை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து நிழலில் உலர்த்த முடிந்தது, காய்ந்து ஒட்டிக்கொண்டவற்றை ஒன்றும் செய்ய முடியவில்லை. மாதத்துக்கு ஐந்து படம் என்று வைத்தால் போதும், நாலுக்கு ஆறு அளவில், அவற்றில் இரண்டிலாவது நீங்கள் இருக்கும்படியாகப் பிரிண்ட் போடுங்கள். பசைத்தாள் ஆல்பம் வேண்டாம். ஃப்ரேம் போட்டால் கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவே அட்டை வைக்கச் சொல்லுங்கள்; நம் ஊர்ப் புழுக்கத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.

அந்த மெரினாப் படங்களையும் இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். நம் கடற்கரை கிழக்கே பார்த்தது. மாலையில் போயிருந்து, மகளைக் கடலுக்கு முன்னால் நிறுத்தி எடுத்திருந்தால், வெயில் உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து வந்திருக்கும். மணலில் எங்காவது அவள் காலடி வரைக்கும் ஒரு நீள நிழல் விழுந்திருக்கும், கையை முகத்துக்கு நேரே தூக்கியபடி. இருந்தால் அதை வெட்டாமல் பிரிண்ட் போட்டு, ஆல்பத்தில் அதற்குக் கீழே ‘எடுத்தது அம்மா’ என்று எழுதி, நிழலை விரலால் தொட்டுக் காட்டி, மகளைக் கூப்பிட்டு இது யார் என்று கேளுங்கள்.